டவுன் முடுக்குகளும் பாளைத் தெருக்களும்: நடந்து பார்க்க எங்கே தொடங்குவது?

பேட்டைச் சாலை | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். சொந்த ஊர் மன்னார்குடி. அபிஷேகப்பட்டியில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. பேட்டையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். இத்தனை நாளில் திருநெல்வேலியை நான் பார்த்ததெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகத்தான். நெல்லையப்பர் கோயிலுக்கு நான்கு முறை போனேன். நான்கு முறையும் ஆட்டோவில் இறங்கி, கும்பிட்டுவிட்டு, கீழ ரத வீதியில் அல்வா வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பிவிட்டேன்.

போன புதன்கிழமை பஸ் வரவில்லை. டவுனுக்குள்ளேயே கொஞ்ச தூரம் நடந்தேன். மேல ரத வீதியை விட்டு விலகியதும் இரண்டு உயரமான சுவர்களுக்கு நடுவே ஒரு சந்து. ஒருவர் போனால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். உள்ளே எங்கோ கிணற்றுச் சகடை கிறீச்சிட்டது. யார் வீட்டுக்குள்ளோ நுழைகிறோமோ என்று பயந்து பாதியிலேயே திரும்பிவிட்டேன். அன்றிலிருந்து அந்தச் சந்து கண்ணிலேயே நிற்கிறது.

அடுத்த மாதம் அம்மா வருகிறார். முழங்கால் வலி உண்டு. ஆனால் மெதுவாக எவ்வளவு தூரமும் நடப்பார். டவுனிலும் பாளையங்கோட்டையிலும் பழைய தெருக்களை நடந்தே பார்க்க வேண்டுமானால் எங்கே தொடங்கலாம்? கோயில், அல்வா இரண்டையும் தாண்டிச் சொல்லுங்கள்.

வாகையடி | ஞாயிறு, இரவு 10.05

அந்தச் சந்துக்கு இங்கே முடுக்கு என்று பெயர். முடுக்கு பொதுவழி, யாரும் போகலாம், பயம் வேண்டாம். ஆனால் சில முடுக்குகள் ஒரு நிலைவாசலில் போய் முடியும். நிலைக்கு உள்ளே வரிசையாக வீடுகளும் நடுவில் ஒரு கிணறும் தெரிந்தால் அது வளவு. அங்கே குரல் கொடுத்து, யாராவது வந்த பிறகுதான் உள்ளே போக வேண்டும்.

வளவுவீடு | திங்கள், காலை 5.50

தங்கச்சி, உங்கள் கேள்வியை நேற்று இரவே படித்துவிட்டேன். அவசரமாகப் பதில் எழுத மனம் வரவில்லை. ஐம்பத்தெட்டு வருடமாக இந்த டவுனில் நடக்கிறேன். விவரமாகவே சொல்கிறேன்.

காலை ஆறு மணிக்குக் கீழ ரத வீதிக்கு வந்துவிடுங்கள். கடைகள் திறப்பதற்கு முன்னால் வர வேண்டும் என்பதுதான் முக்கியம். பத்து மணிக்கு மேல் அந்த வீதியில் விளம்பரப் பலகையும் கூட்டமும்தான் தெரியும். ஆறு மணிக்குத் தலையை நிமிர்த்திப் பாருங்கள்: மாடிகளில் மரத்தூண்கள், சுண்ணாம்புக் காரை வேலைப்பாடு, ஓட்டுச் சரிவு, பாதி மூடிய மர ஜன்னல்கள். கீழே கண்ணாடி போட்ட ஜவுளிக்கடை, அதன் தலைக்கு மேலே நூறு வருடத்து வீடு. டவுனின் பழைமை முதல் மாடியில் இருக்கிறது. கீழேயே பார்த்து நடக்கிறவர்களுக்கு அது கிடைக்காது.

ரத வீதிகள் ஏன் இவ்வளவு அகலம் என்று அம்மா கேட்பார். தேருக்காக. ஆனித் திருவிழாவில் பிள்ளையார், முருகன், சுவாமி, அம்மன், சண்டிகேசுவரர் என்று ஐந்து தேர்கள் இந்த நான்கு வீதிகளையும் சுற்றி வந்தாக வேண்டும். மனிதர்கள் கை வடம் பிடித்தே இழுக்கும் தேர். தேர் திரும்பும் இடங்களில் சக்கரத்துக்குத் தடி போடுகிறவர்களின் குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும். வாகையடி முக்கு, சந்திப்பிள்ளையார் முக்கு, லாலா சத்திர முக்கு என்று முக்குகளின் பெயரைச் சொல்லித்தான் இங்கே வழி கேட்பார்கள். தேர் எங்கே நிற்கிறது என்று கேட்டாலும் முக்கின் பெயர்தான் பதில்.

கோயிலைத் தாண்டிச் சொல்லச் சொன்னீர்கள். ஒன்றை மட்டும் கோயிலுக்குள் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். சுவாமி கோயிலும் அம்மன் கோயிலும் முதலில் தனித்தனி. இரண்டையும் இணைக்கும் சங்கிலி மண்டபத்தை 1647இல் வடமலையப்ப பிள்ளையன் கட்டினார். அதில் ஒருமுறை நடந்துவிட்டால் வெளியே தெருக்களின் அமைப்பு விளங்கிவிடும். சுவாமி சன்னதித் தெரு, அம்மன் சன்னதித் தெரு என்று இரண்டு தலைவாசல் தெருக்கள் இந்த ஊருக்கு. இரண்டு கோயில்களைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புகள் இந்த மண்டபத்தால் ஒரே ஊராக ஆகிவிட்டன. இது என் எண்ணம். சங்கிலி மண்டபத்தில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அப்படித்தான் தோன்றும்.

இனி முடுக்குகள். நான் பிறந்தது ஒரு வளவில். ஒரே நிலைவாசல், ஏழு வீடுகள், ஒரு கிணறு. எங்கள் வீடு இரண்டாவது. படிப்புரை என்கிற வாசல் திண்ணை ஏறினால் நடை, நடையைத் தாண்டினால் தார்சா, அதற்கு அடுத்துப் பட்டாசல், பிறகு இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல். தார்சாவின் ஒரு பக்கம் முழுக்க மர அழி, அதாவது மரச்சட்டத் தடுப்பு, போட்டிருக்கும். கிழக்கிலிருந்து வெயில் ஏறினால் அழிகளின் நிழல் சிவப்புச் சிமெண்டுத் தரையில் கோடு கோடாக விழும். எங்கள் ஆச்சிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. கோடு எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்து, "மூன்றாவது அழியைத் தாண்டிவிட்டது, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பு" என்பாள். மத்தியானம் கோடு மறைந்ததும் அந்தத் தரையில் படுத்தால் விசிறி வேண்டாம். சித்திரை மாதத்தில்கூட அந்தத் தரை முதுகுக்குச் சில்லென்று இருக்கும். மேலே மச்சில் மரப்பலகை, அதற்கு மேல் தட்டட்டி. எட்டு வயதில் தட்டட்டி வழியாகவே ஏழு வீட்டுக்கும் போய் வந்திருக்கிறேன், தெருவில் இறங்காமல்.

அந்த வளவு இன்று இல்லை. பங்கு பிரித்தார்கள், விற்றார்கள், இடித்தார்கள். யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஏழு பங்காளிகளுக்கு ஒரு கிணற்று வீட்டை எப்படிப் பிரித்துக் கொடுக்க முடியும்? ஆனால் இடிப்பதற்கு முன் ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லையே என்பது எனக்குத் தீராத வருத்தம். நிலைக்கதவை மரக்கடைக்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதை முக்கில் நின்று பார்த்தேன்.

சுடலைமாடன் கோயில் தெருவுக்கும் அவசியம் போங்கள். இலக்கிய விமர்சகர் தி.க.சி. கடைசிவரை வாழ்ந்த தெரு. எழுதத் தொடங்கிய எத்தனையோ பிள்ளைகளுக்கு அவருடைய அஞ்சலட்டை வந்திருக்கிறது. அவர் மகன், எழுத்தாளர் வண்ணதாசன் வளர்ந்த தெருவும் அதுதான். பார்ப்பதற்கு என்று தனியாக ஒன்றும் கிடையாது, சாதாரணத் தெரு. அப்படி ஒரு தெருவிலிருந்து இவ்வளவு எழுத்து வந்திருக்கிறதே என்று ஒரு நிமிடம் நின்றுவிட்டு வந்தால் போதும். கீழ ரத வீதியில் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தையும் சொல்ல வேண்டும். 1920இல் இந்த ஊரில் தொடங்கியது. தமிழ் படித்த யாருடைய அலமாரியிலும் கழகப் பதிப்பு ஒன்றாவது இருக்கும். உங்கள் ஆய்வு எந்தத் துறை என்று தெரியாது, தமிழாக இருந்தால் உங்களிடமும் இருக்கும்.

பேட்டைச் சாலை | திங்கள், காலை 8.15

அண்ணாச்சி, தமிழ்தான் என் துறை. கழகப் பதிப்புகள் மேசையில் ஐந்து இருக்கின்றன. முதல் பக்கத்தில் 'திருநெல்வேலி' என்று அச்சிட்டிருப்பதை எத்தனையோ முறை பார்த்தும் அது நான் அல்வா வாங்கிய தெரு என்று தெரியாமல் இருந்துவிட்டேன். மிக்க நன்றி.

ஊசிக்கோபுரம் | திங்கள், மாலை 6.30

டவுன்காரர்கள் எழுதினால் ஆற்றைத் தாண்டி வரமாட்டார்கள். நான் பாளையங்கோட்டையில் முப்பத்தொரு வருடம் கல்லூரி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மாணவி கேட்டது பழைய தெருக்களைப் பற்றி. பாளை வேறு மாதிரிப் பழைமை.

தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பாளையைச் சொல்வார்கள். அந்தப் பட்டத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பாளைக்குப் பாளை என்ற பெயரே போதும். ஆனால் அதன் பின்னால் இருக்கும் காரியம் உண்மை. தூய யோவான் கல்லூரி 1878, சாராள் தக்கர் கல்லூரி 1895, தூய சவேரியார் கல்லூரி 1923. பெண்கள் கல்லூரியான சாராள் தக்கர், ஆண்களின் சவேரியாருக்கு இருபத்தெட்டு வருடம் மூத்தது என்பதைக் கவனியுங்கள். தெற்கே கிராமங்களிலிருந்து பெண் பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்கிப் படித்த ஊர் இது.

முருகன்குறிச்சியில் தொடங்குங்கள். தூய திரித்துவப் பேராலயத்தின் கூர்மையான கோபுரத்தால் அதற்கு ஊசிக்கோபுரம் என்றே பெயர். பிரஷ்யாவிலிருந்து வந்து தமிழுக்கு இலக்கணம் எழுதிய ரேனியஸ் எழுப்பிய ஆலயம், 1826. அதைவிட எனக்கு நெருக்கமானது பாப்பாத்தியம்மாள் கோயில் என்று மக்கள் சொல்லும் குளோரிந்தா ஆலயம். கணவனை இழந்த பிராமணப் பெண் ஒருவர் 1778இல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். அவர் முயற்சியால் 1785இல் எழுந்த சிறிய கோயில். சிறியது என்றால் மிகச் சிறியது. திருநெல்வேலிச் சீமையின் இத்தனை பெரிய ஆலயங்களுக்கும் பள்ளிகளுக்கும் முன்னோடி, நாற்பது பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும்போல் தோன்றும் அந்த இடம்.

பிறகு கோட்டை. மதில் போய்விட்டது, மேற்கு வாசல் நிற்கிறது. உயரத்தில் இருப்பதால் மேடை போலீஸ் நிலையம் என்று பெயர் பெற்றது. அந்தக் கற்களின் பருமனைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பிறகு அவர் தம்பி ஊமைத்துரையை இந்தக் கோட்டைச் சிறையில்தான் அடைத்தார்கள். 1801 பிப்ரவரியில் அவர் தப்பினார். அதன் பிறகு பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மறுபடியும் எழுந்தது. வாசலிலிருந்து கிழக்கே நடந்தால் ராஜகோபாலசுவாமி கோயில், தெற்கு பஜார். சைக்கிள் கடை, பழைய புத்தகம், பாத்திரக்கடை, மெதுவாக நடக்கலாம். தசராவுக்கு வந்தால் அம்மன் சப்பரங்கள் இரவு முழுக்க இதே தெருக்களில் வரும்.

அம்மாவுக்கு இன்னொன்று சொல்லுங்கள். மாலை நாலரைக்கு ஏதாவது ஒரு பஸ் நிறுத்தத்தில் நில்லுங்கள். இங்கே காது கேளாதோர் பள்ளியும் பார்வையற்றோர் பள்ளியும் நூறு வருடத்துக்கு மேலாக நடக்கின்றன. பிள்ளைகள் கையாலேயே பேசிச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். பூக்கட்டி விற்கிற பெண்ணும் அவர்களிடம் கையாலேயே விலை சொல்வார். வேறு ஊரில் இதை நான் பார்த்ததில்லை.

மட்டப்பா | திங்கள், இரவு 10.20

நான் டவுனில் ஒரு முடுக்கில் குடியிருக்கிறேன். வளவுவீடு அண்ணாச்சி எழுதியதைப் படித்து எனக்கும் கண் கலங்கியது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு குழு வந்தது. இருபது பேருக்குக் குறையாது. கையில் பெரிய கேமரா. எங்கள் மாமியார் புறவாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். தலைமுடி அவிழ்ந்து கிடக்க, முந்தானையை இடுப்பில் செருகியிருந்த கோலத்தில் அவரைப் படம் எடுத்தார்கள். கேட்கவில்லை. "பாரம்பரியம்" என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னது காதில் விழுந்தது. மாமியார் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அதிலிருந்து கதவைச் சாத்தியே வைத்திருக்கிறோம். காற்று வருவதற்காகக் கட்டிய வீட்டில் கதவைச் சாத்தி வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பழைய வீட்டில் இருப்பவர்கள் காட்சிப்பொருள் அல்ல. மழைக்கு ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை. நாழி ஓடு வேய்கிற கொத்தனார் வயதானவர் ஒருவர்தான் எங்கள் பக்கத்தில் இருந்தார். அவரும் இப்போது ஏறுவதில்லை. இந்தக் கஷ்டமெல்லாம் தெரியாமல் வந்து "இடிக்காதீர்கள்" என்று புத்தி சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

வளவுவீடு | திங்கள், இரவு 10.55

அம்மா, அது பெரிய தவறு. உங்கள் மாமியாரிடம் நான் வருந்தியதாகச் சொல்லுங்கள். நான் எழுதியதிலும் ஒரு குறை இருக்கிறது. எங்கள் வளவு என்ற உரிமையில், எந்த முடுக்குக்கும் யாரும் போகலாம் என்பது போல எழுதிவிட்டேன்.

தங்கச்சிக்கு நான் முன்னமே சொல்லியிருக்க வேண்டியது: இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர் போங்கள். கேமராவைப் பைக்குள் வையுங்கள். படிப்புரையில் யாராவது உட்கார்ந்திருந்தால் முதலில் வணக்கம் சொல்லுங்கள். "யாரைத் தேடி வந்தீர்கள்" என்று கேட்பார்கள். தெருவைப் பார்க்க வந்தேன் என்று உள்ளதைச் சொன்னால் போதும். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். உள்ளே கூப்பிட்டால் போங்கள். கூப்பிடாவிட்டால் வெளியே நின்று பார்த்துவிட்டு வாருங்கள். மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரை போகாதீர்கள், உறங்குகிற நேரம்.

வாகையடி | செவ்வாய், காலை 7.10

மட்டப்பா அக்கா சொன்ன ஓடு வேய்கிற பிரச்சினைதான் உண்மையான பிரச்சினை. வீட்டை வைத்துக்கொள்ள விருப்பம் இருந்தும் முடியாமல் இடிக்கிறவர்கள் பாதிப்பேர் இருப்பார்கள். ஓட்டு வேலை, சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் யாரையாவது யாருக்காவது தெரிந்தால் இங்கே எழுதுங்கள்.

தறிக்குழி | செவ்வாய், காலை 11.30

மேலப்பாளையத்திலிருந்து எழுதுகிறேன். திருநெல்வேலியின் பழைய பகுதிகள் என்று பேசும்போது எங்கள் ஊர் எப்போதும் விடுபட்டுப் போகிறது. டவுன் ஒரு பக்கம், பாளை ஒரு பக்கம். நடுவில் பாளையங்கால் வாய்க்கால் ஓடும் மேலப்பாளையத்தை யாரும் நினைப்பதில்லை.

என் தகப்பனார் தறி நெய்தவர். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் காலையில் முதலில் கேட்பது பாங்கு, அடுத்தது தறிச் சத்தம். வீட்டுக்குள்ளேயே தரையில் குழி வெட்டி, குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதிப்பார்கள். அந்தக் குழி இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. மேலே பலகை போட்டு மூடி அரிசிப் பானை வைத்திருக்கிறோம். பலகையைத் தட்டினால் உள்ளே வெற்றிடம் என்று தெரியும் சத்தம் வரும். என் மகனுக்கு அதைத் தட்டிக் காட்டுவேன்.

தறி போய்விட்ட பிறகு பீடிதான். திண்ணையில் நான்கைந்து பெண்கள் மடியில் முறத்தை வைத்து இலை நறுக்கிச் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பேசிக்கொண்டே சுற்றுவார்கள், கை தனியாக வேலை செய்யும். பெண்ணாக வந்தால் எங்கள் தெருக்களில் உட்காரச் சொல்லாமல் அனுப்ப மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை, அன்று மட்டும் சாலையில் நடக்க முடியாது. வெள்ளிக்கிழமை மத்தியானமும் வேண்டாம்.

பேட்டைச் சாலை | செவ்வாய், மாலை 5.45

அக்கா, அவசியம் வருகிறேன். மட்டப்பா அக்கா எழுதியதைப் படித்த பிறகு வருவதற்கே கூச்சமாக இருந்தது. நீங்கள் எழுதியதும் தைரியம் வந்தது.

ஒரு கேள்வி: டவுனிலிருந்து பாளை வரை ஒரே நடையாகப் போக முடியுமா?

படித்துறை | செவ்வாய், இரவு 8.00

முடியும், ஆனால் வேண்டாம். டவுன் ஆர்ச்சிலிருந்து ஜங்ஷன் வரை எஸ்.என். ஹைரோட்டில் நடப்பது பெரிய சோதனை. நடைபாதை இருக்கும் இடத்தில் வண்டிகள் நிற்கும், இல்லாத இடத்தில் நாம் சாக்கடை மூடிமேல் நடக்க வேண்டும். அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது. வழியில் பாரதி படித்த ம.தி.தா. இந்துக் கல்லூரிப் பள்ளியை மட்டும் பஸ்ஸிலிருந்து பாருங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயருக்குரிய சுந்தரம் பிள்ளையும் அந்தக் கல்லூரியின் தொடக்க காலத்தில் அங்கே பணியாற்றியவர். 1908 மார்ச் 13 அன்று வ.உ.சி. கைதானதைக் கேட்டு ஊர் கொதித்து எழுந்தபோது அந்தக் கல்லூரி மாணவர்களும் தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். ஜவுளிப் பையோடு நாம் கடந்து போகிற சாலை அது.

நடக்க வேண்டிய இடம் ஆறு. சுலோசன முதலியார் பாலத்தில் நடந்தே ஆற்றைக் கடக்க வேண்டும். 1840இல் கட்டியது, 760 அடி நீளம், ஒவ்வொன்றும் 60 அடி அகலத்தில் 11 வளைவுகள். அதற்கு முன் ஜங்ஷன் பக்கமிருந்து பாளைக்கு வர வேண்டுமானால் படகுதான். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை அலுவலராக, இருந்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். மேலே நடந்தால் லாரிச் சத்தம்தான் கேட்கும். கொக்கிரகுளம் பக்கம் கீழே இறங்கி வளைவுகளுக்கு நேரே நின்று பாருங்கள். பக்கத்தில் புதிய பாலம் வந்துவிட்டதால் ஒரு பக்கத்திலிருந்துதான் முழுதாகத் தெரியும்.

அங்கே நிற்கும்போது 1999 ஜூலை 23ஐயும் நினைத்துக்கொள்ளுங்கள். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி கேட்டு ஊர்வலமாக வந்தபோது போலீஸ் தடியடிக்குப் பயந்து ஆற்றில் இறங்கினார்கள். 17 பேர் இறந்தார்கள், அதில் ஒரு குழந்தையும் உண்டு. பாலத்தைக் காட்டுகிற யாரும் இதைச் சொல்லாமல் விடக்கூடாது என்று நான் நினைக்கிறேன். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் பூ போட வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆற்றைக் கடந்தால் வண்ணார்பேட்டை. இப்போது முழுக்க ஓட்டல்களும் துணிக்கடைகளும். அங்கேதான் ரசிகமணி டி.கே.சி. வீட்டு வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டம் இருந்தது. வீட்டின் வட்டமான தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடிக் கம்பனைப் படித்துப் படித்து ரசித்தார்கள். புதுமைப்பித்தனும் வாழ்ந்த பகுதி. தேடிப் போனால் ஏமாற்றம்தான் கிடைக்கும், ஆனாலும் அந்தத் தெருக்களில் பெயர் தெரிந்து நடப்பது வேறு.

ஊசிக்கோபுரம் | செவ்வாய், இரவு 8.25

படித்துறை தம்பிக்கு ஒரு திருத்தம். 1840 என்பது திட்டம் தொடங்கிய ஆண்டு. பாலம் திறந்தது 1843 நவம்பரில்.

படித்துறை | செவ்வாய், இரவு 8.40

சரிதான் ஐயா, நன்றி. தங்கச்சி, அம்மாவைக் குறுக்குத்துறைக்கு மட்டும் ஆட்டோவில் கூட்டிப் போங்கள். ஆற்றுக்குள்ளேயே பாறைமேல் நிற்கிற முருகன் கோயில். வெள்ளத்தைப் பிளந்து விலக்க முன்பக்கத்தைப் படகின் முனைபோலக் கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டு போய்விடுவார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கோயில் மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் சேற்றை வாரிவிட்டு மறுபடியும் விளக்கு ஏற்றிவிட்டார்கள். ஆனி, ஆடியில் வந்தால் குற்றாலத்துச் சாரல் காற்று அந்தப் படித்துறை வரை வரும்.

பேட்டைச் சாலை | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.30

எல்லோருக்கும் வணக்கம். அம்மா வந்து, நடந்து, நேற்று ஊருக்குத் திரும்பிவிட்டார்.

நான்கு காலை, இரண்டு மாலை நடந்தோம். பாளையில் ஊசிக்கோபுரம் ஐயா சொன்னபடியே போனோம். பாப்பாத்தியம்மாள் கோயிலில் அம்மா வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மேலப்பாளையத்தில் தறிக்குழி அக்கா வீட்டில் பலகையைத் தட்டிப் பார்த்தோம். பாலத்துக்கும் குறுக்குத்துறைக்கும் போனோம். இவற்றைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். இப்போது ஒரு வீட்டைப் பற்றி மட்டும்.

நான் முதலில் பயந்து திரும்பிய அதே முடுக்கு. அம்மா முன்னால் நடந்தார். உள்ளே திரும்பியதும் ஒரு படிப்புரை, அதில் எண்பது வயதிருக்கும் ஒரு ஆச்சி. "யாரைத் தேடி" என்றார். தெருவைப் பார்க்க வந்தோம் என்று அம்மா சொன்னார். "தெருவில் பார்க்க என்ன இருக்கிறது, உள்ளே வா" என்று எழுந்துவிட்டார்.

உள்ளே அழி போட்ட தார்சா. தரையில் அந்தக் கோடுகள். நான் அப்படியே நின்றுவிட்டேன். அம்மா, "இது எங்கள் பக்கத்து ரேழி மாதிரி இருக்கிறதே" என்றார். ஆச்சிக்கு ரேழி என்ற சொல் தெரியவில்லை. இரண்டு பேரும் வீடு முழுக்க நடந்தார்கள். அம்மா கூடம் என்றார், ஆச்சி பட்டாசல் என்றார். அம்மா கொல்லை என்றார், ஆச்சி புறவாசல் என்றார். அம்மா மொட்டை மாடி என்று மேலே கை காட்ட, ஆச்சி தட்டட்டி என்று சொல்லிவிட்டு, முழங்காலைத் தொட்டு, ஏறி நாலு வருடம் ஆகிறது என்றார். அம்மாவும் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. காபி கொடுத்தார், குடித்தோம்.

கிளம்பும்போது சொன்னார்: தை பிறந்ததும் வீட்டை இடிக்கப் போகிறார்கள். மகன் சென்னையில், மகள் கோவையில். அவரும் கோவைக்குப் போய்விடுவார். படம் எடுக்கலாமா என்று அப்போதுதான் கேட்டேன். "என்னை வேண்டாம், வீட்டை எடு" என்றார்.

அண்ணாச்சி, நான் எடுத்த படங்கள் எனக்கே போதவில்லை. நீளம், அகலம் எதுவும் அதில் தெரியவில்லை.

வளவுவீடு | ஞாயிறு, மாலை 4.50

தங்கச்சி, படிப்புரைக்கு இடது பக்கம் மாடக்குழி இருக்கிறதா? அதற்குக் கீழே கல்லில் ஆடுபுலி ஆட்டக் கட்டம் செதுக்கியிருக்கிறதா?

பேட்டைச் சாலை | ஞாயிறு, மாலை 4.53

இருக்கிறது. இரண்டும் இருக்கின்றன.

வளவுவீடு | ஞாயிறு, மாலை 5.20

எங்கள் வளவுக்கு அடுத்த வீடு. அந்தக் கட்டத்தில் நான் விளையாடியிருக்கிறேன். ஆச்சியை எனக்குத் தெரியும். ஊரை விட்டுப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு வருகிறேன். ஐம்பதடி அளவு நாடா என்னிடம் இருக்கிறது. நீங்கள் பெரிய தாளும் பென்சிலும் கொண்டு வாருங்கள். படிப்புரையிலிருந்து புறவாசல் வரை ஒவ்வொரு கட்டாக அளந்து வரைந்துவிடலாம்.

மட்டப்பா | ஞாயிறு, மாலை 6.05

நானும் வருகிறேன். மூன்று பேர்தானே. முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், அதையும் அளக்க வேண்டும். மாமியாரிடம் கேட்டுவிட்டேன்.